அட்டவணைக்கு ஏது வலிமை?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (நம்மூர் கால்பந்து அல்ல, அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்கிற ஆட்டம்) பற்றித் தமிழில் வரும் சொற்பச் செய்திகளிலும் ஒரு தொடர் தவறாமல் வந்து எரிச்சலூட்டுகிறது: 'அட்டவணை வலிமை'. 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஷெட்யூல்' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்ததன் விளைவு. 'அலபாமாவின் அட்டவணை வலிமையானது' என்றால் என்ன புரியும்? ஏதோ அந்த அணிக்குச் சாதகமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் படும். சொல்ல வந்ததோ நேர் எதிர். அலபாமா மோத வேண்டிய அணிகள் முரட்டு அணிகள் என்பதே சேதி.

சொல்லின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். லத்தீனில் 'ஸ்கெடா' என்றால் பப்பைரஸ் துண்டு. சின்னத் துண்டு 'ஸ்கெடுலா'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் இணைப்புத் தாள், பட்டியல் என்றாகி, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில்களோடு நேரக் குறிப்பு என்ற பொருளும் ஏறிக்கொண்டது. தமிழில் அரசியலமைப்பின் 'எட்டாவது அட்டவணை' முதல் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணை வரை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். அந்த 'அட்டவணை'யும் மராத்தி வழி வந்தது. தமிழ்ப்பற்றில் ஷெட்யூலை விரட்டுகிறவர்கள் அதன் நாற்காலியில் உட்காரவைப்பது மராத்தியை. அது பரவாயில்லை, முந்நூறு வருஷம் பழகிய விருந்தாளியை யாரும் வெளியே போகச் சொல்வதில்லை. என் சண்டை 'வலிமை'யோடு.

கல்லூரிக் கால்பந்தின் மேல்பிரிவில் 130க்கும் மேற்பட்ட அணிகள். வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்கு 12 ஆட்டம்தான். எல்லாரும் எல்லாரோடும் மோத வழியே இல்லை. எனவே 11 வெற்றி பெற்ற அணியையும் 9 வெற்றி பெற்ற அணியையும் தரவரிசையில் வைக்கும்போது, யாரோடு ஆடி அத்தனை வெற்றி என்று கேட்காமல் தீராது. சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டத்துக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்க 1998இல் தொடங்கிய பி.சி.எஸ். முறை இதற்கு ஒரு சூத்திரமே வைத்திருந்தது. எதிரணிகளின் வெற்றி தோல்விக்கு மூன்றில் இரண்டு பங்கு, அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் தேதி எங்கே, நேரம் எங்கே, தாள் எங்கே? முழுக்க முழுக்க எதிரணிகள்தான். நம்மூர் ஓப்பன் செஸ் போட்டிகளில் இரண்டு பேர் சம புள்ளியில் நின்றால் பெற்றோர் கூடி நின்று 'புக்கோல்ஸ்' பார்ப்பார்கள். தன் பிள்ளையோடு ஆடியவர்கள் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்ற கூட்டல் அது. அங்கே எந்த அம்மாவும் 'என் பையனுக்கு வலிமையான அட்டவணை' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'எல்லாம் டஃப் ஆப்பொனன்ட்ஸ்ங்க' என்பார்கள். தமிழாக்கம் செய்கிறவரை விட அந்த அம்மாவுக்குப் பொருள் தெரியும்.

எனவே 'எதிரணி வலு' என்கிறேன். புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 'மாற்றான் வலியும்' தூக்கிப் பார் என்று 471ஆம் குறளிலேயே இருக்கிறது. 'வலி' இன்று மருந்துக் கடைக்குப் போய்விட்டதால் 'வலு'. 'போட்டிநிரல் கடுமை' என்று சொல்வாரும் உண்டு. உள்ளூர் ஆட்டம், வெளியூர் ஆட்டம், ஓய்வு வாரம் எல்லாம் அதில் அடங்குமாம். அடங்கட்டும். ஆனால் 'நிரல்' என்றதும் பாதிப் பேருக்குக் கணினி நிரல்தான் நினைவுக்கு வரும்.

சொல் கோணினால் வாதமும் கோணும். 'அட்டவணை வலிமை' என்றால் அது அணி உழைத்துச் சம்பாதித்த தகுதி மாதிரி ஒலிக்கிறது. பெரும்பாலான ஆட்டங்களோ அணி சேர்ந்திருக்கும் கூட்டமைப்பு (கான்ஃபரன்ஸ்) ஒதுக்குபவை. மற்றவை பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தமானவை. 2024இல் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்று 12 அணிகளாக விரிந்தபோது 11-1 (11 வெற்றி, 1 தோல்வி) என்று வந்த இண்டியானாவை 'யாரை ஜெயித்தார்கள்?' என்று கிண்டலடித்தார்கள். 9-3 என்று வெளியே நின்ற அலபாமாவுக்காக எதிரணி வலுவைக் காட்டி வாதாடினார்கள். அலபாமாவின் மூன்று தோல்விகளில் இரண்டு, 6-6 என்று வழக்கமான பருவத்தை முடித்த வாண்டர்பில்ட்டிடமும் ஓக்லஹோமாவிடமும். ஓக்லஹோமாவிடம் தோற்றது 24-3 என்ற புள்ளிக்கணக்கில். இண்டியானாவோ அந்த ஆண்டு முழுக்கத் தோற்றது ஒஹையோ ஸ்டேட்டிடமும் நோட்ர டாமிடமும் மட்டும். கடைசியில் இறுதி ஆட்டம் ஆடியதே அந்த இரண்டு அணிகள்தான்! எதிரணி வலுவைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது வெற்றிக்கு எடை போட உதவுமே தவிர, தோல்வியை வெற்றியாக்காது. பலமான அணியோடு தோற்றால் தண்டனை குறையலாம், நோஞ்சான் அணியிடம் தோற்றதற்கு அதையே குடையாகப் பிடிக்கக் கூடாது.

பிளேஆஃப் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக் குழுவும் 2025இல் ஏறக்குறைய இந்த வழிக்கு வந்தது. எதிரணி எப்படிப்பட்டது என்பதோடு நிற்காமல், அதனிடம் இந்த அணி என்ன செய்தது என்று பார்க்கும் 'ரெக்கார்ட் ஸ்ட்ரெங்த்' என்ற அளவையைச் சேர்த்தார்கள். இதைப் 'பதிவு வலிமை' என்று போட்டுவிடாதீர்கள், சார்பதிவாளர் அலுவலகம் கண்முன் வரும். இங்கே ரெக்கார்ட் என்பது வெற்றி தோல்விக் கணக்கு. 'வெற்றிக் கணக்கின் எடை' என்றால் போதும்.

இதோடு விடுவார்களா? 'கான்ஃபரன்ஸ்' என்றால் 'மாநாடு' என்று அகராதி சொல்கிறதாம். அலபாமா சேர்ந்திருக்கும் கூட்டமைப்பான எஸ்.இ.சி. (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) 'தென்கிழக்கு மாநாடு' ஆகிவிட்டது. 'மாநாட்டில் அலபாமாவுக்கு மூன்று தோல்வி' என்று படிக்கிறவர், எந்தெந்தத் தீர்மானம் தோற்றது என்று தேடிக்கொண்டிருப்பார்.