தவளைக் குட்டையில் மீன் விடாதீர்கள்

"குட்டையைத் தூர்வாரி இரண்டு மழைக்காலம் ஆயிற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது. ஆனால் ஒரு தவளைச் சத்தம்கூட இல்லையே, ஏன்?" சென்னைப் புறநகர்க் குடியிருப்போர் சங்கங்களும் இளைஞர் குழுக்களும் வருடா வருடம் கேட்கிற கேள்வி இது. இதற்கு இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்டாலே போதும். கரையைச் செங்குத்தாகக் கட்டினீர்களா? மீன் விட்டீர்களா? பெரும்பாலும் இரண்டுக்கும் "ஆமாம்"தான். கூடவே பெருமையாக ஒரு வரியும் வரும்: "கொசு வராமல் இருக்கக் கம்பூசியா விட்டோம் சார்."

முதலில் அந்த மீன் கதையை முடித்துவிடலாம்.

கம்பூசியா நம்மூர் மீன் அல்ல. கொசு ஒழிப்புக்கென்று 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவிகள் என்று ஐ.யு.சி.என். என்கிற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் அதுவும் ஒன்று. நம் ஏரிகளை அடைத்துக்கொண்டிருக்கும் ஜிலேபி மீனும் ஆகாயத் தாமரையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. விரல் நீளம்கூட இல்லாத இந்த மீன் தவளை முட்டையைத் தின்னும். தலைப்பிரட்டையின் வாலைக் கடித்துக் கடித்தே கொல்லும். முட்டையிடாமல் குஞ்சு போடுகிற மீன் என்பதால் ஒரே ஒரு சினை மீன் உள்ளே போனாலும் குட்டை நிறைந்துவிடும். மீன் பெருத்த குட்டையில் கடைசியில் சொறித்தேரை மட்டும்தான் மிஞ்சும். அதன் தலைப்பிரட்டை கசக்கும் என்பதால் பல மீன்கள் வாயில் போட்டுவிட்டுத் துப்பிவிடுகின்றன. தேரை கத்துவதைக் கேட்டு "எங்கள் குட்டையில்தான் தவளை இருக்கிறதே" என்று திருப்திப்பட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

சரி, கொசு? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நகரத்தில் ஒரு குட்டையை மூடச் சொல்லி வரும் மனுக்களில் முதல் காரணம் இதுதான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு குட்டையைத் தேடிப் போவதில்லை. அதற்கு வேண்டியது சின்னக் கொள்கலம்: மொட்டை மாடியில் கிடக்கிற பழைய டயர், கொட்டாங்கச்சி, பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மூடாத டிரம். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சி வளர்வது மூடி சரியில்லாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும். இரவெல்லாம் காதருகே ரீங்காரமிடும் கியூலெக்ஸ் வளர்வது சாக்கடையிலும் கழிவுநீர் கலந்த கால்வாயிலும். அதாவது, மனு எழுதுகிறவர் வீட்டு மாடியிலும் அவர் தெருவின் வடிகாலிலும்தான் கொசு பிறக்கிறது. பழி குட்டையின் தலையில் விழுகிறது. குட்டையில் கொசுவே முட்டையிடாது என்று சொல்லவில்லை. சில வகைகள் இடும். ஆனால் கழிவுநீர் கலக்காத, கரையில் புல் பூண்டு உள்ள குட்டையில் தட்டானின் இளம்புழுக்களும் நீர்வண்டுகளும் முதுகுநீச்சல் பூச்சிகளும் இருக்கும். கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும். கம்பூசியா விட்டால் முதலில் தின்று தீர்ப்பது இந்தப் பூச்சிகளையும் சேர்த்துத்தான். (தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்று ஒழிக்கும் என்று பதாகை அடிப்பதும் வேண்டாம். நம்மூர்த் தலைப்பிரட்டைகளில் பெரும்பாலானவை பாசி சுரண்டித் தின்பவை.)

பிளீச்சிங் பவுடர், மண்ணெண்ணெய், பழைய ஆயில் எதையும் குட்டையில் கொட்டக் கூடாது. சுகாதாரப் பணியாளர்கள் மருந்து அடித்தே தீருவோம் என்றால், கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. என்கிற பாக்டீரியா மருந்தைப் போடச் சொல்லிக் கேளுங்கள். தலைப்பிரட்டைக்கு அதனால் வரும் தீங்கு மற்றவற்றைவிடக் குறைவு.

ஏற்கெனவே மீன் விட்டாயிற்றா? வலை போட்டு அரிப்பதில் முழுப்பலன் கிடைக்காது. மே மாதத்தில் குட்டை முழுக்க வற்ற வேண்டும். வற்றினால் மீன் சாகும், தவளைக்கு ஒன்றும் ஆகாது. இங்கேதான் அடுத்த சண்டை தொடங்குகிறது: "வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கவில்லை என்றால் அது என்ன சீரமைப்பு?" ஐயா, வற்றுவதுதான் இந்தக் குட்டையின் பலமே. நம்மூர்த் தவளைகளின் தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகும். மூன்று மாதம் தண்ணீர் நின்றால் தாராளம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி ஏப்ரல், மே வாக்கில் வற்றுகிற குட்டை மீனுக்கு நரகம், தவளைக்குத் தாய்வீடு. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிற புண்ணியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். குளோரின் கலந்த நீராக இருந்தால் இன்னும் கேடு.

இனி கரை. பக்கவாட்டில் கல் பதித்து, சிமென்ட் பூசி, மேலே பேவர் பிளாக் போட்டு, கைப்பிடிக் கம்பி வைத்தால் அது நீச்சல் குளம். தண்ணீரைவிட்டு வெளிவரும் தேரைக்குஞ்சு ஒரு பச்சைப் பயறைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி வந்து களைத்து அங்கேயே செத்து மிதக்கும். கணக்கு எளிது: 5 அடி நடந்தால் 1 அடிதான் இறங்க வேண்டும். அப்படியானால் 30 அடி அகலக் குட்டையில் நடுவில் 3 அடி ஆழம்தான் கிடைக்கும். அது போதும். கரையோரம் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கிற பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. முட்டையும் தலைப்பிரட்டையும் அங்கேதான் இருக்கும். இடம் நெருக்கடி என்றால் இரண்டு பக்கமாவது இப்படிச் சாயட்டும். ஏற்கெனவே சுவர் எழுப்பியிருந்தால் நான்கு மூலையிலும் சொரசொரப்பான சாய்தளம் அமையுங்கள். வெறும் கல்லும் மண்ணுமே போதும், மேலே தென்னைநார் விரிப்பு. அதன் அடிமுனை, தண்ணீர் மிகக் குறையும் காலத்திலும் நீருக்குள் இருக்க வேண்டும். அந்தரத்தில் முடிகிற சாய்தளங்கள் நிறைய இருக்கின்றன, படம் எடுக்க மட்டும் உதவும்.

ஜேசிபி ஓட்டுநரிடம் ஆழத்தைச் சொல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். அவருக்கு ஆழம்தான் வேலை. அடியில் உள்ள களிமண் படுகையைக் கிழித்துவிட்டால் குட்டை பிறகு தண்ணீர் பிடிக்காது. வண்டல் எங்கே முடிகிறது, களி எங்கே தொடங்குகிறது என்று கடப்பாரையால் நான்கைந்து இடத்தில் முதலில் குத்திப் பாருங்கள். தோண்டிய மண்ணை, குட்டைக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் வாயில் கொட்டி மேடாக்குவது இன்னொரு வழக்கமான கூத்து. மிகைநீர் வெளியேறும் கலங்கல் மட்டத்தையும் வரத்துக்கால் மட்டத்தையும் அளந்த பிறகே மண் நகர வேண்டும்.

வேலை தொடங்கும் முன் அது யார் நிலம் என்று தெரிந்திருக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் நில எல்லை காட்டும் புலப்படமும் உரிமை விவரம் உள்ள அ-பதிவேடும் பார்த்து, உள்ளாட்சியா, நீர்வளத் துறையா, அறநிலையத் துறையா என்று உறுதிசெய்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி அதிகாரி மாறும்வரைதான்.

தண்ணீரின் தரத்துக்கு ஆய்வகம் போகும் முன் ஒரு சோதனை இருக்கிறது. மழையே இல்லாத ஏப்ரலில் வரத்துக்காலில் நீர் ஓடுகிறதா? ஓடினால் அது சாக்கடை. எந்த வீட்டுக் குழாய் மழைநீர் வடிகாலில் சேர்கிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல், உள்ளே எத்தனை நுண்ணுயிர் உருண்டை வீசினாலும் பயனில்லை. கழிவுநீர் அமோனியாவில் தலைப்பிரட்டை தாங்காது. மீன்தொட்டிக் கடையில் விற்கும் சோதனைப் பெட்டியால் அமோனியாவும் பி.எச். என்கிற அமில-கார அளவும் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது தோண்டுவது? குட்டை வற்றிய கோடையில்தான், ஜூன் மழை விழும் முன் முடிய வேண்டும். ஆனால் அதே கோடையில்தான் தவளைகள் ஈரமண்ணுக்குள் புதைந்து உறங்கும். நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். நகரத்து நுணல் ஜேசிபி வாயில்தான் கெடுகிறது. அதனால் இந்த வருடம் பாதி, அடுத்த வருடம் மீதி. கரைமேட்டை இயந்திரம் தொடக் கூடாது, அங்கே மண்வெட்டிதான். மண்ணோடு தவளை வந்துவிட்டால் கையை நீரில் நனைத்துக்கொண்டு எடுங்கள். கொசுக் களிம்பு, சானிடைசர் தடவிய கையால் தொடாதீர்கள், அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். அதே கரையில், நிழலில், ஈரமண்ணில் வைத்துத் தழை மூடுங்கள்.

தன்னார்வலர்களுக்கு: ரப்பர் பூட்ஸும் தடித்த கையுறையும் இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம். உடைந்த பாட்டில் இல்லாத குட்டை நகரத்தில் கிடையாது. காலில் வெட்டுக்காயம் இருப்பவர் கரையில் நின்று மண் தள்ளட்டும். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. வேலை முடிந்த சில நாளில் காய்ச்சல் கண்டால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு குளத்தில் போட்ட பூட்ஸையும் வலையையும் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த குளத்துக்கு எடுத்துப் போங்கள். தவளை நோய்கள் சேற்றோடும் பயணிக்கும். இதே காரணத்துக்காக, ஊரிலிருந்து பக்கெட்டில் தவளை பிடித்துவந்து விடுவதும் கூடாது. நடக்கிற தூரத்தில் இருந்தால் தானே வரும்.

ஆகாயத் தாமரையை வேரோடு எடுங்கள். கோரை, அல்லி, ஆரைக்கீரை இருக்கட்டும். சம்பு என்கிற உயரமான நீர்ப்புல் வந்தால் குட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடாதீர்கள். மரக்கன்று நடும் ஆசையைக் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீர்ப்பரப்பு முழுக்க நிழலானால் பாசி வளராது, தலைப்பிரட்டைக்கு உணவும் இருக்காது. கரையைச் சுற்றிப் பத்தடியாவது பெருக்காத, வெட்டாத தரை வேண்டும். சருகும் ஒன்றிரண்டு பட்டுப்போன கட்டையும் கிடக்கட்டும். வருடத்தில் பெரும்பங்கு நாள் தவளை வாழ்வது அங்கேதான். வண்ண விளக்கும் நீரூற்றும் வேண்டவே வேண்டாம்.

"தவளை வந்தால் பாம்பு வருமே?" வரும். பெரும்பாலும் நீர்க்கோலி, விஷமில்லாதது. இரவில் செருப்பும் டார்ச்சும் இருந்தால் போதும்.

கடைசியாக, முட்டையை அடையாளம் தெரியாமல் சுத்தம் செய்துவிடுகிற கொடுமை. முதல் கனமழைக்கு மறுநாள் காலை, செடிகளைச் சுற்றிக் கருமணி கோத்த மாதிரி நீளநீளமான ஜவ்வுச் சரம் தெரிந்தால் அது சொறித்தேரை முட்டை. நீர்மேல் மெல்லிய ஆடை போலப் படர்ந்து, குனிந்து பார்த்தால் கருப்புப் புள்ளிகள் தெரிகிறதா? சின்னத் தவளைகளின் முட்டை. அழுக்கு என்று அரித்துவிடாதீர்கள். தண்ணீருக்கு மேலே கிளையிலோ சுவரிலோ கைப்பிடியளவு வெள்ளை நுரை ஒட்டிக்கொண்டிருந்தால், யாரோ சோப்பு போட்டுத் துவைத்துவிட்டுப் போனார்கள் என்று குழாய் நீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். அது மரத்தவளையின் நுரைக்கூடு. வெளிப்பக்கம் காய்ந்து மொறுமொறுப்பாக இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். சில நாளில் அடிப்பக்கம் இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாக நீரில் விழும். கீழே தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மழை ஏமாற்றி நீர் பின்வாங்கியிருந்தால், கிளையோடு வெட்டி நீருக்கு மேலே கட்டிவிடலாம். சுவரில் இருந்தால் கீழே ஒரு அகலப் பாத்திரத்தில் குட்டைத் தண்ணீர் வைத்துப் பிடித்து, அதே குட்டையில் விடுங்கள்.