காப்பகத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க அப்பாவுக்கு உரிமை உண்டா?

பிள்ளை காப்பகத்துக்குப் போய்விட்டால் இனி தனக்கு அங்கே பேச்சே இல்லை என்று பல அப்பாக்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவைப் பாருங்கள். பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ பிரிந்திருக்கும் குழந்தைக்கு, இருவரோடும் நேரடியாகவும் முறையாகவும் தொடர்பில் இருக்க உரிமை உண்டு. அந்தத் தொடர்பு குழந்தையின் நலனுக்கே எதிரானது என்றால் மட்டும் விலக்கு.

உரிமை குழந்தையுடையது என்பதுதான் இதில் முக்கியம். அப்பா பணம் தருவதில்லை, அம்மாவோடு சேர்ந்து வாழவில்லை என்பவை மட்டுமே சந்திப்பை மறுக்கப் போதாது. குழந்தைக்கு அதனால் கெடுதல் உண்டா என்றுதான் பார்க்க வேண்டும். அதேபோல் "என் பிள்ளை, நான் எப்போது வேண்டுமானாலும் வருவேன்" என்று அப்பாவும் அடம்பிடிக்க முடியாது. பிள்ளையின் கருத்துக்கு, அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு உண்டு. அது அதே உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு.

2009-இல் வந்த ஐ.நா.வின் மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரிடம் இல்லாத பிள்ளையை வேறிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது) வழிகாட்டுதல்கள் இன்னும் விவரமாகப் பேசுகின்றன. வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது. முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்திலேயே தங்க வைக்க வேண்டும். பிள்ளை சேட்டை செய்தது என்பதற்காக, "இந்த வாரம் அப்பாவைப் பார்க்க முடியாது" என்று தண்டனை தரவே கூடாது. இது பல காப்பகங்களில் சர்வசாதாரணமாக நடப்பதால் அழுத்திச் சொல்கிறேன். அப்பா சிறையிலோ நீண்ட நாள் மருத்துவமனையிலோ இருந்தாலும் தொடர்புக்கு வழி செய்து தர வேண்டும். தற்காலிகப் பராமரிப்பு என்றால், கூடுமானவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பிள்ளையின் நிலையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இந்த வழிகாட்டுதல்கள் சட்டம் அல்ல. நடைமுறையில் உங்கள் நாட்டுச் சட்டமும் நீதிமன்ற உத்தரவும்தான் முடிவு செய்யும். ஆனாலும் மனு எழுதும்போது இவற்றைத் தாராளமாக எடுத்துக் காட்டலாம்.

சரி, என்ன செய்வது? முதலில் சேர்க்கைப் படிவத்தில் உங்கள் பெயரும் போன் நம்பரும் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் அம்மா அல்லது பாட்டியின் நம்பர் மட்டும்தான் இருக்கும். காய்ச்சலோ பரீட்சையோ, தகவல் எல்லாம் அந்த ஒரு நம்பருக்கே போகும். அடுத்து, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வர முடியும் என்பதை எழுதிக் கொடுங்கள். ஷிப்ட் வேலை என்றால் அதையும் சொல்லி, வர முடியாத வாரங்களில் வீடியோ கால் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுபரிசீலனைக் கூட்டம் எப்போது என்று விசாரித்து, அதில் உங்கள் தரப்பையும் கேட்கச் சொல்லுங்கள்.

சந்திப்பை ஒரு பணியாளர் கூட உட்கார்ந்து கவனித்தால் கோபப்பட வேண்டாம். முழுத் தடைக்கு அது எவ்வளவோ மேல். பிள்ளை ஐந்து நிமிடம் பேசிவிட்டு விளையாட ஓடிவிடலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டும் உட்காரலாம். "அடுத்த மாசம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அடுத்து வரும் தேதியை மட்டும் சொல்லி, அன்றைக்குத் தவறாமல் போங்கள்.

தொடர்பே இல்லாமல் போனாலும், குடும்பத்தார் எப்படி இருக்கிறார்கள் என்ற தகவல் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்கின்றன அதே வழிகாட்டுதல்கள். அதனால் வீடோ போன் நம்பரோ மாறினால் உடனே காப்பகத்தில் சொல்லிவிடுங்கள்.