ஈசிஜி தாளில் கண் எங்கே போக வேண்டும்?

நெஞ்சுவலியோடு ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் 10 நிமிடங்களுக்குள் ஈசிஜி எடுத்து மருத்துவர் ஒருவர் பார்த்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டு நெறி. வேறொரு நோயாளிக்குத் தையல் போட்டுக்கொண்டிருக்கும் பயிற்சி மருத்துவரின் முகத்துக்கு நேரே அந்தத் தாள் நீட்டப்படுவதும் உண்டு.

தாளின் கணக்கு எளிது. நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் அது நகர்கிறது. ஆகவே ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.2 நொடி. அடுத்தடுத்த இரண்டு கூர்முனைகளுக்கு இடையே உள்ள பெரிய கட்டங்களை எண்ணி 300-ஐ வகுத்தால் நிமிடத் துடிப்பு கிடைத்துவிடும். நான்கு கட்டம் என்றால் 75. துடிப்பு சீராக இருந்தால்தான் இது செல்லும். கற்க ஒரு மாலைப்பொழுது போதும்.

கண்ணைப் பழக்குவதுதான் பெரும்பாடு. உடலில் ஒட்டுவது 10 மின்முனைகள். கிடைப்பதோ 12 கோணங்கள். ஒவ்வொரு கோணமும் ஒரு லீட். லீட் 2, லீட் 3, ஏவிஎஃப் மூன்றும் இதயத்தின் அடிச்சுவரைக் கீழிருந்து பார்க்கின்றன. ஏவிஎல் இடது தோள் பக்கமிருந்து எட்டிப் பார்க்கிறது. அடிச்சுவருக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் அந்த மூன்றிலும் எஸ்டி பகுதி, அதாவது கூர்முனைக்கும் அதையடுத்த மேட்டுக்கும் (டி அலை) இடையே உள்ள கோடு, மேலெழும். எதிர்ப்பக்கத்து ஏவிஎல்லில் கீழிறங்கும். சில நேரம் இந்த இறக்கம் முந்திக்கொள்ளும். லீட் 3-இல் கோடு ஒரு சிறு கட்டம்கூட உயர்ந்திருக்காது. ஏவிஎல்லில் மட்டும் லேசாகக் குழிந்திருக்கும். புதியவர் "ஒன்றுமில்லை" என்பார். மூத்தவர் மின்முனைகளைக் கழற்றவிடாமல், 15 நிமிடத்தில் இன்னொன்று எடுக்கச் சொல்வார்.

துடிப்பு வேகம், சீர், அச்சு (இதயத்தில் மின்னோட்டம் போகும் திசை), இடைவெளிகள், பிறகுதான் எஸ்டி பகுதியும் டி அலையும் என்று ஒரே வரிசையில் பார்க்கப் பழக்குவதற்குக் காரணம் உண்டு. ஒன்றைக் கண்டுபிடித்ததும் கண் தேடுவதை நிறுத்திவிடும். சீரற்ற துடிப்பைப் பிடித்த மகிழ்ச்சியில், கூடாரம்போல் நிமிர்ந்த டி அலைகளைத் தவறவிடுவார்கள். அவை இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதைச் சொல்பவை. உயிருக்கு உடனடி ஆபத்து அங்கேதான்.

பாடநூல்கள் இந்த இடத்தில் உதவுவதில்லை என்பது என் எண்ணம். மாரடைப்பு அத்தியாயத்தில் எல்லாப் படமும் மாரடைப்புதான். விடை தலைப்பிலேயே இருக்கிறது. பல நோய்களின் ஈசிஜிகளைக் கலைத்துப்போட்டுப் பழகியவர்கள், ஒவ்வொரு நோயாகத் தனித்தனியே பழகியவர்களைவிடப் புதிய ஈசிஜிகளைச் சரியாகக் கணித்தார்கள் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நோயாளிகளும் அத்தியாய வரிசைப்படி வருவதில்லையே.

தாளின் மேல்மூலையில் கருவி அச்சிடும் முடிவைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. நல்ல பழக்கம். லீட் 1 முழுவதும் தலைகீழாகத் தெரிந்தால் அரிய நோய்களை யோசிக்குமுன் கைகளில் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பதும் அப்படித்தான்.

எல்லாம் பார்த்து முடித்து, எஸ்டி ஏறியிருக்கிறது என்று பயிற்சி மருத்துவர் பதற்றத்தோடு சொல்லும்போது மூத்தவர் கேட்பது: "பழைய ஈசிஜி இருக்கிறதா?" முன்பு வந்த மாரடைப்பால் இதயச்சுவர் புடைத்துப்போன சிலருக்கு அந்த ஏற்றம் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும்.