பல்ஸ்: தள்ளும் சொல், துடிக்கும் சொல்

சில மாதங்களுக்கு முன் அத்தையை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். பல வருடமாக அவருக்குத் தலைவலி. காத்திருந்த நேரத்தில் ஒரு துண்டறிக்கையைக் கொடுத்து, இதில் இருப்பவற்றில் எதெல்லாம் உங்களுக்கு இருக்கிறது என்று குறித்துத் தரச் சொன்னார்கள். அதில் ஒரு வரி: ‘தலையின் ஒரு பக்கத்தில் அதிர்வுறும் வலி’. அத்தை அதைக் குறிக்காமல் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். “எனக்கு அதிரவெல்லாம் இல்லப்பா, நெத்திப்பொட்டுல விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. அது இதுல இல்லையே” என்றார்.

இருந்தது. ஆங்கில மூலத்தில் ‘பல்சேட்டிங்’, அதாவது துடிக்கிற, என்று இருந்திருக்க வேண்டும். ஒற்றைத் தலைவலியை அடையாளம் காண மருத்துவர்கள் தேடும் முக்கியமான குறிகளில் அது ஒன்று. மொழிபெயர்த்தவர் ‘அதிர்வு’ என்று எழுதிவிட்டதால், அந்த வலியை வருடக்கணக்காக அனுபவித்த ஒருவருக்கே அது தன் வலி என்று தெரியாமல் போய்விட்டது. அன்றிலிருந்து இந்தச் சொல் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த விளக்கம்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் கதை. பல்ஸ், பல்சேட், பல்சேஷன் எல்லாவற்றுக்கும் தாய் லத்தீன் மொழி. அங்கே ‘பெல்லெரே’ என்றொரு வினை இருக்கிறது. தள்ளு, அடி, விரட்டு என்று பொருள். அதிலிருந்து ‘புல்சுஸ்’, அதாவது அடி, தட்டு. அதை அடுக்கடுக்காகச் செய்தால் ‘புல்சாரே’. கதவைத் தட்டுவதும் புல்சாரேதான், யாழின் நரம்பை மீட்டுவதும் புல்சாரேதான். ரோமானியர்கள் மணிக்கட்டில் தெரியும் துடிப்பை ‘இரத்தக்குழாய்களின் தட்டல்’ என்ற பொருளில் சொன்னார்கள். இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாயும் திரும்பக் கொண்டுவரும் குழாயும் அவர்களுக்கு ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன. நம் ஊரிலோ இன்றுவரை இரத்தக்குழாயையே நரம்பு என்று சொல்லி, கையில் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது என்கிறோம்.

லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்கு வந்தபோது நடுவிலிருந்த ‘ல்’ உதிர்ந்து ‘பூஸ்’ போல ஆனது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் அந்த வடிவில்தான் அதை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் படித்தவர்கள் லத்தீன் எழுத்தைப் பார்த்து ‘ல்’லை மறுபடி செருகினார்கள். அப்படித்தான் இன்றைய பல்ஸ் வந்தது. பிரெஞ்சுக்காரர்களும் எழுத்தில் ‘ல்’லைச் சேர்த்தார்கள், ஆனால் உச்சரிப்பதில்லை. பல்சேட் என்ற வினைச்சொல் இன்னும் இளையது. பல்ஸ் வந்து பல காலம் கழித்துத்தான் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது.

இதே வேரில் பிறந்த உறவுகளைப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். கடைக் கதவில் ஒட்டியிருக்கும் ‘புஷ்’ என்ற சொல் பல்ஸுக்கு உடன்பிறந்தது. புல்சாரே பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து புஷ் ஆனது. கப்பலை முன்னே தள்ளும் புரொப்பெல்லரும் அதே குடும்பம். இம்பல்ஸும் அப்படியே. எல்லாவற்றிலும் ஒரு ‘தள்ளு’ ஒளிந்திருக்கிறது. பல்ஸ் என்ற சொல்லுக்குள் இருப்பது, உள்ளிருந்து ஏதோ ஒன்று தள்ளுகிறது என்ற எண்ணம்.

பருப்பு, பயறு வகைகளுக்கும் ஆங்கிலத்தில் பல்ஸ் என்றுதான் பெயர். அது வேறு சொல். ரோமானிய ஏழைகள் தினமும் குடித்த கஞ்சிக்கு ‘புல்ஸ்’ என்று பெயர், அதிலிருந்து வந்தது. கட்டி மீது வைத்துக் கட்டும் மாவுப்பற்றுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ‘போல்டிஸ்’ என்ற சொல்லும் இந்தக் கஞ்சியின் வழிவந்ததே. துடிப்புக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஐக்கிய நாடுகள் அவை 2016ஐப் பயறு ஆண்டாக அறிவித்தது. அதைத் துடிப்பு ஆண்டு என்று இயந்திரம் மொழிபெயர்த்தால் குற்றம் இயந்திரத்துடையது மட்டும் இல்லை, எழுத்துக்கூட்டலும் ஒன்றுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். பல்ஸ் என்றதும் நமக்குத் தோன்றுவது நாடி. ஆனால் நாடி என்பது துடிப்பின் பெயர் இல்லை, துடிக்கும் குழாயின் பெயர். வடமொழியிலும் நாடி என்றால் குழாய்தான். வடமொழியில் நாடிகா என்பது 24 நிமிடக் கால அளவு. நம் நாழிகையும் அதே 24 நிமிடம். நாழி என்ற முகத்தலளவையும் குழாய் வடிவப் பாத்திரம்தான்.

இந்த வேறுபாட்டை இலங்கைத் தமிழர்கள் நன்றாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே பாடநூல்களில் இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய் நாடி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது நாளம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவையே தமனி, சிரை. இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் குழாயை அங்கே முடியுருநாடி என்கிறார்கள். அப்படிப் படித்த பிள்ளைக்கு ‘நாடித்துடிப்பு’ என்றால் விளக்கமே வேண்டாம். நாடி துடிக்கிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பிள்ளை தமனி என்று ஒரு பக்கமும் நாடித்துடிப்பு என்று இன்னொரு பக்கமும் படித்து, இரண்டும் ஒரே இடம்தான் என்று தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு சொல்லில் இலங்கை வழக்கே சிறந்தது என்பது என் கருத்து.

சித்த மருத்துவத்தில் நாடி பார்ப்பது என்பது எண்ணிக்கை மட்டும் இல்லை. கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் மூன்று விரல்களை வைப்பார்கள். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. மூன்றும் ஒன்று, அரை, கால் என்ற அளவில் நின்றால் உடல் சீராக இருப்பதாகக் கொள்வார்கள். எனக்குப் பிடித்தது அதன் நடையைச் சொல்லும் விதம். வாதம் அன்னம் போல, கோழி போல, மயில் போல நடக்கும். பித்தம் ஆமை போல, அட்டை போல. கபம் தவளை போலத் தத்தும், பாம்பு போல ஊரும். வியப்பு என்னவென்றால், ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலனும் எறும்பு ஊர்வது போல, புழு நெளிவது போல, மான் துள்ளுவது போல என்றுதான் துடிப்புகளை விவரித்தார். விரல்நுனிக்குத் தெரிவதைச் சொல்ல எண் போதாது என்று இரண்டு பக்கமும் உணர்ந்திருக்கிறார்கள்.

எண்ணிப் பார்க்கும் பழக்கமும் பழையதுதான். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் எரோஃபிலஸ் என்ற மருத்துவர் நீர்க்கடிகாரம் வைத்துத் துடிப்பை அளந்தார். ஆங்கில மருத்துவர் ஜான் ஃப்ளாயர் 1707இல் துடிப்பை எண்ணுவதற்கென்றே செய்த ஒரு கடிகாரத்தைப் பற்றி நூல் எழுதினார். நிமிடத்துக்கு இத்தனை என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அது.

‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்ற குறளைக் காட்டி வள்ளுவரே நாடி பார்ப்பதைச் சொல்லியிருக்கிறார் என்று சிலர் எழுதுகிறார்கள். அங்கே நாடி என்பது வினையெச்சம். ஆராய்ந்து என்று பொருள். வள்ளுவர் சொன்னது நோயறிதல் பற்றி, மணிக்கட்டைப் பற்றி இல்லை. பெருமைக்காகப் பொருளைத் திருப்பக் கூடாது.

அப்படியானால் துடிப்புக்குச் சொந்தமான சொல் எது? துடிப்புதான். இதைவிட நல்ல சொல் கிடையாது. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நாளில் கண்ணகிக்கும் மாதவிக்கும் கண் துடிக்கிறது. ஒருத்திக்கு இடக்கண், மற்றவளுக்கு வலக்கண்: ‘எண்ணுமுறை இடத்தினும் வலத்தினும் துடித்தன’. இன்றும் கண் துடித்தால் எந்தக் கண் என்றுதான் முதலில் கேட்கிறோம். துடி என்றால் இடை சிறுத்த ஒரு பறை, அதை அடிப்பவன் துடியன். அந்தப் பறையின் ஒலியும் துடித்தல் என்ற வினையும் என் காதில் ஒன்றாகவே கேட்கின்றன.

துடிப்பு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். மீன் துடிக்கிறது, உதடு துடிக்கிறது, கோபத்தில் மீசை துடிக்கிறது. ஊருக்குப் போக மனசு துடிக்கிறது. துடிப்பான பையன் என்றால் சுறுசுறுப்பானவன். துடியான சாமி என்றால் கேட்டதைச் சட்டென்று கொடுக்கும் சாமி. இரட்டித்துத் துடிதுடித்தான் என்றால் தாங்க முடியாத வேதனை. உயிர் இருக்கும் இடத்தில் எல்லாம் இந்தச் சொல் வருகிறது. லத்தீன்காரர் தள்ளுகிறவனின் பக்கம் நின்று பேரிட்டார். தமிழர் துடிக்கும் பொருளின் பக்கம் நின்று பேரிட்டார். ஆங்கிலச் சொல்லின் வேர் ‘தள்ளு’ என்பதற்காகத் தமிழிலும் அப்படி ஒன்றை உருவாக்கத் தேவையில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

துடிப்பின் அருகே நிற்கும் சொற்களை அதனோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம். அதிர்வு என்பது வீணைக் கம்பி அதிர்வது, லாரி போனால் சன்னல் அதிர்வது. வேகமானது, ஒவ்வொன்றாகப் பிரித்துத் தெரியாதது. அலைவு என்பது ஊஞ்சல் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவது. துடிப்பில் ஒவ்வோர் அடியும் தனியாகத் தெரியும், நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அதிர்வு, அலைவு, துடிப்பு மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம். ஒன்றன் இடத்தில் மற்றதைப் போடத் தேவையே இல்லை. இரண்டு ஒலிகள் கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண்ணில் சேரும்போது ஒலி ஏறி இறங்குவதைத் தமிழ்நாட்டு இயற்பியல் நூல்கள் விம்மல் என்கின்றன. அந்தச் சொல்லைப் படைத்தவரை நினைக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது. இம்பல்ஸுக்குக் கணத்தாக்கு என்பதும் அப்படியே, ஒரு கணத்தின் தாக்கு.

நோயாளியிடம் பேசும்போது இன்னும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். நெஞ்சில் என்றால் படபடப்பு. கட்டியிலும் தலையிலும் என்றால் விண்விண் என்று தெறிக்கும் வலி. அத்தையின் துண்டறிக்கையில் ‘நாடி துடிப்பது போல விண்விண்ணென்று தெறிக்கும் வலி’ என்று இருந்திருந்தால் அவர் பேனாவைத் தயங்காமல் வைத்திருப்பார்.

துடிப்பு என்பது இரத்தம் ஓடுவது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதயம் சுருங்கும்போது குழாய்ச் சுவரில் எழும் அழுத்த அலைதான் மணிக்கட்டில் தட்டுகிறது. அந்த அலை இரத்தத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓடி வந்துவிடும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய விரல் கருவி இந்தத் துடிப்பை நம்பித்தான் வேலை செய்கிறது. ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ ஆவோயாகி 1970களின் தொடக்கத்தில் வேறோர் அளவீட்டில் இறங்கியிருந்தார். துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவருக்குத் தோன்றியது, துடிப்பது நாடி இரத்தம் மட்டும்தானே என்று. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, அதில் துடிக்கும் பங்கை மட்டும் பிரித்தெடுத்தால் அந்த இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும். இடைஞ்சலாக இருந்ததே அளவுகோலாகிவிட்டது. இதைப் பல்ஸ் ஆக்சிமீட்டர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள், சொல்லட்டும். எழுத்தில் ‘நாடித்துடிப்பு ஆக்சிஜன்மானி’ என்றால் யாருக்கும் புரியும்.

கடைசியாகப் பல்சர். நம் தெருக்களில் அது 2001இல் வந்த பைக்கின் பெயர். வானியலில் அதற்கு முன்பே அந்தப் பெயர் உண்டு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வானொலித் தொலைநோக்கியின் தாள்களில் ஒரு சிறு கிறுக்கலைக் கவனித்தார். 1.337 நொடிக்கு ஒருமுறை, பிசகாமல் ஒரு துடிப்பு. 1968இல் செய்தி வெளியானதும் துடிக்கும் விண்மீன் என்ற பொருளில் அதைப் பல்சர் என்றார்கள். 1974இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹெவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது, பெல்லுக்குக் கிடைக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பெயரிலும் ஒரு பிழை தங்கிவிட்டது. பல்சர் துடிப்பதில்லை, சுழல்கிறது. அடர்ந்து சுருங்கிய அந்த நியூட்ரான் விண்மீன் கலங்கரை விளக்கம் போலக் கதிரை வீசிக்கொண்டே சுற்றுகிறது. கதிர் நம்மைத் தொடும்போதெல்லாம் நமக்கு ஒரு துடிப்பு. உண்மையிலேயே துடிக்கும் விண்மீன்கள் வேறு. செபீட் என்ற வகை விண்மீன்கள் ஒழுங்காக வீங்கிச் சுருங்குகின்றன. இந்த வகைக்குப் பெயர் கொடுத்த விண்மீனின் ஒளி மாறுவதை 1784இல் கவனித்தவர் ஜான் குட்ரிக் என்ற காது கேளாத இளைஞர். அது ஏறத்தாழ 5.37 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும்.

ஆங்கிலத்தில் அந்தப் பிழையை இனி மாற்ற முடியாது. தமிழில் பெயர் இன்னும் இறுகவில்லை. பல்சர், துடிவிண்மீன் இரண்டையும் பார்க்கிறேன். துடிவிண்மீன் என்ற பெயரை வீங்கிச் சுருங்கும் செபீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, பல்சரைக் கலங்கரை விண்மீன் என்று சொல்லலாம் என்பது என் ஆசை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால், வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.