எழுதப்படாத அந்த இரண்டு மணி நேரம்

தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராகச் சொல்கிறேன்: ஆலைத் தகராறைவிட வீட்டு வேலைத் தகராறைத் தீர்ப்பதுதான் கடினம். ஆலையில் வருகைப் பதிவேடு இருக்கும், மேற்பார்வையாளர் இருப்பார், பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர் சாட்சி சொல்ல வருவார். வீட்டுக்குள் நடந்தது இருவருக்கு மட்டுமே தெரியும். அந்த இருவரும்தான் என் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு சமரசப் பேச்சைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடியவற்றை விட்டுவிடுகிறேன். முதியவர் ஒருவரைப் பகலில் பார்த்துக்கொள்வது வேலை. காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு என்று வாயால் பேசிக்கொண்டார்கள். முதியவரின் மகள் அலுவலகத்திலிருந்து வந்து சேர ஏழு மணியாகிவிடும். அதுவரை பணியாளர் கிளம்பவில்லை. கிளம்பவும் முடியாது, படுக்கையில் இருப்பவரைத் தனியே விட்டுப் போவது எப்படி? வேலையிலிருந்து நின்றபோது அந்த நேரத்துக்கான ஊதியத்தைக் கேட்டார்.

"உங்களிடம் ஒரு நாளாவது மணி பார்த்து வேலை வாங்கியிருக்கிறேனா, அக்கா?" என்று மகள் கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"நானும் மணி பார்த்து வேலை செய்யவில்லை அம்மா. அதனால்தான் கேட்கிறேன்" என்றார் பணியாளர்.

இருவர் சொன்னதும் உண்மை. பெரும்பாலான வழக்குகள் இப்படித்தான் வருகின்றன. கொடுமைக்கார முதலாளி, ஏமாற்றும் வேலையாள் என்ற கதைகள் உண்டுதான். ஆனால் நான் அதிகம் பார்ப்பது, நல்லுறவை நம்பி எதையும் எழுதி வைக்காத வீடுகளை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அளவு தெரியும். நாளுக்கு எட்டு மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். தினமும் இரண்டு மணி நேரம் கூடினால் மாதத்துக்கு 52 மணி நேரம். ஓர் ஆண்டில் 624 மணி நேரம், அதாவது 78 வேலை நாட்கள். மூன்று மாதச் சம்பளம் கைக்கு வராமலே போகிறது, அதுவும் கூடுதல் நேரத்துக்கு உயர்ந்த விகிதம் தரவேண்டும் என்ற சட்டத்தைக் கணக்கில் சேர்க்காமலே.

வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. "இரவில் அவர் தூங்கத்தானே செய்கிறார்" என்பார்கள். குழந்தை அழுதால் எழுந்து போகவேண்டும் என்று அதன் அழுகையைக் கேட்கவைக்கும் கருவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பது ஓய்வாகுமா? நான் கேட்பது ஒரே கேள்விதான்: அந்த நேரத்தில் அவர் விரும்பினால் வெளியே போயிருக்க முடியுமா? முடியாது என்றால் அந்த நேரம் அவருடையதல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-ல் நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கையும் இதைத்தான் பேசுகிறது. அழைத்தால் வரவேண்டும் என்று வீட்டின் பொறுப்பில் காத்திருக்கும் நேரத்தை, அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்கிறது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும், ஓய்விலும் விடுப்பிலும் அந்த வீட்டிலேயே இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. ஜெர்மனியில் பல்கேரியாவிலிருந்து வந்து ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு ஒப்பந்தத்தில் வாரம் 30 மணி நேரம் என்றிருந்தது. காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று அந்நாட்டுக் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது.

எல்லா நாடுகளும் இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தில் வீட்டுப் பணியாளருக்கு வேலை நேர வரம்பு உண்டா, தங்கி வேலை செய்பவருக்கு விதிவிலக்கு உண்டா என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

"மணிக்கணக்கை யார் எழுதி வைத்தார்கள்?" என்ற கேள்விக்கு முதலாளி பக்கம் பதில் இல்லாதபோது, பணியாளரிடமும் ஆதாரம் இல்லை என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது எப்போதும் பலிக்காது. பதிவேடு வைக்கவேண்டியவர் வைக்காமல் விட்டதற்குத் தொழிலாளி தண்டனை அனுபவிக்கக் கூடாது, நியாயமாக ஊகிக்க உதவும் சான்று இருந்தாலே போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-லேயே ஒரு மண்பாண்ட ஆலை வழக்கில் கூறிவிட்டது. ஒரு வீட்டுப் பணியாளர் தொடர்பாக ஸ்பெயினிலிருந்து வந்த வழக்கில், வேலை நேரத்தைப் பதிவு செய்யும் கடமையிலிருந்து வீடுகளுக்கு முற்றிலும் விலக்கு அளிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்புக் கூறியது.

சான்று எங்கிருந்தெல்லாம் வரும் என்பதற்கு அந்த முதியவரின் வீடே உதாரணம். தந்தையை எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டோம் என்று காட்ட, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த மருந்து அட்டவணையை மகளே எடுத்து வந்தார். மாலை ஆறரை மணி மாத்திரைக்கு எதிரே, ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் பணியாளரின் கையெழுத்தில் ஒரு குறி. தாளை மேசையில் விரித்த பிறகு யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இன்று இன்னும் தாமதமாகும், அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள்" என்று கைபேசியில் வந்திருந்த செய்திகள் மீதியைச் சொல்லின. தொகையைத் தவணையாகத் தருவதென்று அன்றே முடிவாயிற்று.

ஒரு சாதாரண நோட்டு இருந்திருந்தால் இவர்கள் என்னைத் தேடி வந்திருக்கவே மாட்டார்கள். வந்த நேரம், கிளம்பிய நேரம், இடையில் எடுத்த ஓய்வு, மாதக் கடைசியில் இருவர் கையெழுத்து, அவ்வளவுதான் வேண்டும். முதலாளி இதற்கு இணங்காவிட்டால் பணியாளர் தனியாகவே எழுதி வரலாம். அன்றன்று எழுதியதற்கு உள்ள மதிப்பு, பிறகு நினைவிலிருந்து ஒரே மூச்சில் எழுதியதற்கு இருக்காது.

பணியமர்த்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கொடுத்த துணிமணி, பண்டிகைப் பரிசு, அவசரத்துக்கு செய்த உதவி எல்லாம் உங்கள் நல்ல மனதைக் காட்டுபவை. அவற்றை ஊதியக் கணக்கில் கழிக்க முயலாதீர்கள். "எல்லாம் சேர்த்துத்தான் மாதச் சம்பளம்" என்பதும் எத்தனை மணி நேரத்துக்கு என்று சொல்லாதவரை வலுவில்லாத வாதம்.

பணியாளர்கள் கவனிக்க வேண்டியது கடைசி நாளை. "எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாசிக்கத் தெரியாதென்றால் நம்பிக்கையான ஒருவரை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். பாக்கியைக் கோருவதற்குச் சட்டம் காலக்கெடு வைத்திருக்கும். வேலை போய்விடுமே என்ற பயத்தில் காத்திருக்கும்போது பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கெடு தாண்டிவிடக்கூடும். வேலையில் இருக்கும்போதே தொழிலாளர் அலுவலகத்திலோ சங்கத்திலோ சட்ட உதவி மையத்திலோ விசாரிக்கலாம். விசாரித்து வைத்துக்கொள்வதால் அன்றே வழக்குப் போட்டாக வேண்டும் என்பதில்லை.