நோயின் பெயர் நிர்வாகத்துக்கு எதற்கு?

பணியாளர்களுக்கு உடல்தகுதிப் பரிசோதனை செய்யும் மருத்துவராக இருக்கிறேன். நிர்வாகத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "டாக்டர், அவருக்கு என்னதான் பிரச்சினை?" பெரும்பாலும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் நான் பதில் சொல்வதில்லை. அவர் இந்த வேலையைச் செய்யலாமா, செய்யலாம் என்றால் எந்தக் கட்டுப்பாட்டோடு என்பதை மட்டும் எழுதிக் கொடுப்பேன்.

இது என் தனிப்பட்ட பிடிவாதம் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 171ஆம் பரிந்துரை, தகுதிப் பரிசோதனையின் முடிவை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் எழுத்தில் தர வேண்டும், ஆனால் அதில் மருத்துவத் தகவல் எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. 1985இலேயே எழுதப்பட்டது. பரிந்துரை என்பதால் அது சட்டம் போலக் கட்டுப்படுத்தாது, நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும். ஆனால் எங்கள் தொழிலில் அடிப்படை ஒழுக்கம் இதுதான்.

முதுகெலும்பில் வட்டு (டிஸ்க்) விலகிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். என் கோப்பில் எம்ஆர்ஐ முடிவு இருக்கும்; வலியில் தூங்க முடியாமல் தவிப்பதும், மனச்சோர்வுக்கு அவர் சாப்பிடும் மாத்திரையும் இருக்கும். நிர்வாகத்துக்குப் போகும் தாளில் மூன்றே வரி: ஆறு வாரத்துக்கு 10 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நீண்ட நேரம் நின்று செய்யும் வேலை வேண்டாம். பிறகு மறுபரிசோதனை. இதை வைத்து மேற்பார்வையாளர் மறுநாளே வேலையை மாற்றிக் கொடுத்துவிடலாம். மாத்திரையின் பெயர் தெரிந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது? பதவி உயர்வுப் பேச்சு வரும்போது அது ஞாபகத்துக்கு வரும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

அப்படியானால் முதலாளி எதையுமே கேட்கக் கூடாதா? கேட்கலாம், வேலையோடு தொடர்பு இருந்தால். கிரேன் ஓட்டுபவருக்குப் பார்வையும் வலிப்பு, மயக்கம் பற்றிய விவரமும் பார்த்தே ஆக வேண்டும். இரைச்சலில் வேலை செய்பவருக்குச் செவித்திறன், ஈயம் கையாளுபவருக்கு ரத்தத்தில் ஈயத்தின் அளவு. தொழிலால் வரும் ஆபத்துக்கான இந்தக் கண்காணிப்புக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, பணம் வாங்கக் கூடாது, கூடியவரை வேலை நேரத்திலேயே நடத்த வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 161ஆம் உடன்படிக்கை சொல்கிறது. வலிப்பு இருப்பதை மறைத்துவிட்டு கிரேனில் ஏறாதீர்கள். கீழே நிற்பவர்களின் உயிரும் அதில் இருக்கிறது. மருத்துவரிடம் சொல்வது நிர்வாகத்திடம் சொல்வதாகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் யாரும் வாய் திறப்பார்கள். ரகசியத்தைக் காப்பது பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

வேலைக்கு எடுக்கும்போது கர்ப்பப் பரிசோதனை கேட்பதை அதே அமைப்பின் 2000ஆம் ஆண்டின் 183ஆம் உடன்படிக்கை தடுக்கிறது. தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தான வேலைகள் போன்ற சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. எச்ஐவி பரிசோதனை வேலைக்கு நிபந்தனையாகக் கூடாது என்கிறது 2010இன் 200ஆம் பரிந்துரை.

அடுத்து மருத்துவ விடுப்பு. "லீவு போட்டவருக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லையா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று நிறுவன மருத்துவரிடம் கேட்பதுண்டு. விடுப்பின் காரணத்தைச் சரிபார்க்கும் வேலையை முதலாளி எங்களிடம் தரக் கூடாது என்று அதே 161ஆம் உடன்படிக்கை சொல்கிறது. விடுப்புக்குச் சான்றிதழ் கேட்கலாம். எத்தனை நாள் ஓய்வு, எப்போது திரும்பலாம் என்பது அதில் இருந்தால் பொதுவாகப் போதும்.

இத்தனை விதி இருந்தும் ரகசியம் பெரும்பாலும் வெளியேறுவது நம் கைப்பேசி வழியாகத்தான். லீவு கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தாளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள்: பழைய அறுவை சிகிச்சை, குடிப்பழக்கம், கலைந்த கர்ப்பம் வரை அதில் இருக்கலாம். சிகிச்சை தந்த மருத்துவரிடம் தனியாக ஒரு சான்றிதழ் வாங்கி, அதை உரியவருக்கு மட்டும் அனுப்புங்கள். காப்பீட்டுக்கான ஆவணங்களை முடிந்தால் ஹெச்ஆர் வழியாக அல்லாமல் காப்பீட்டு நிறுவனத்துக்கே நேராக அனுப்புங்கள்.

சேரும் நாளில் நீட்டப்படும் காகிதங்களுக்கு நடுவே, "என் மருத்துவ ஆவணங்கள் அனைத்தையும் பெறச் சம்மதிக்கிறேன்" என்று ஒன்று இருக்கலாம். கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: எந்த ஆவணம், எதற்காக, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? பதிலை அந்தக் காகிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.