கடைக்குப் போகுமுன் டி.பி. பாக்ஸைத் திறந்து பாருங்கள்

சில வீடுகளில் கீசர் பிளக்கை உருவிப் பார்த்தால், மூன்று பித்தளைப் பின்களில் ஒன்று மட்டும் கறுத்திருக்கும். அந்தப் பின் நுழையும் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் டீ நிறத்துக்கு மாறியிருக்கும். கிட்டப்போய் முகர்ந்தால் லேசாக மீன் வாடை அடிக்கும். கீசரில் ஒரு குறையும் இல்லை, வெந்நீர் ஒழுங்காக வருகிறது, எம்.சி.பி. (மின்சாரம் மிஞ்சினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) ஒருமுறைகூட விழவில்லை. ஆனால் தினமும் அரை மணி நேரம் அந்த சாக்கெட்டுக்குள் ஒரு குட்டி அடுப்பு எரிகிறது.

அந்த அடுப்பு எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 230 வோல்ட்டில் ஓடும் 3000 வாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடிக்கும் பித்தளை இதழ் தளர்ந்து, தொடும் இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். 13 × 13 × 0.1 என்றால் ஏறத்தாழ 17 வாட். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம், காற்றே புகாத ஒரு மூலையில், நகக்கண் அளவு இடத்தில் உண்டாகிறது. இதே லூஸ் சாக்கெட்டில் 0.1 ஆம்பியர் இழுக்கும் போன் சார்ஜரைச் செருகினால் வெப்பம் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். எத்தனை வருஷம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்ற இந்த விதியை 1841-இல் வெளியிட்டவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். புது வீட்டுக்கு எதை வாங்கலாம், எதை எங்கே செருகலாம் என்ற கேள்விகளில் பாதிக்கு இந்த ஒரு விதியே பதில் சொல்லிவிடும். டிவி, ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் முடிவான பிறகு கடைசியாக வயரிங் பக்கம் திரும்புவதுதான் வழக்கம். எங்களைக் கேட்டால் அதைத் தலைகீழாக்க வேண்டும். ஃப்ரிட்ஜை ஒரே நாளில் மாற்றிவிடலாம், சுவருக்குள் போன வயரை மாற்றச் சுவரை உடைக்க வேண்டும்.

செம்பு வயர் தடிக்கத் தடிக்கத் தடை குறையும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.5 சதுர மி.மீ. வயரின் தடை அதிகபட்சம் 12.1 மில்லி ஓம், 2.5-க்கு 7.41, 4-க்கு 4.61. எம்.சி.பி.களெல்லாம் இருக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து குளியலறை 15 மீட்டர் என்றால் மின்சாரம் ஃபேஸில் போய் நியூட்ரலில் திரும்ப மொத்தம் 30 மீட்டர். அந்த 13 ஆம்பியர் கீசரை 1.5 வயரில் ஓட்டினால் வயரே 61 வாட் சூடாகும். 4 சதுர மி.மீ. வயரில் அது 23 வாட்தான். 61 வாட்டை 30 மீட்டருக்குப் பகிர்ந்தால் மீட்டருக்கு 2 வாட்தானே என்று தோன்றும். வயர் திறந்த வெளியில் ஓடினால் கவலையில்லைதான். ஆனால் அது ஓடுவது ஒடுக்கமான பைப்புக்குள், இன்னும் ஐந்தாறு வயர்களோடு நெருக்கிக்கொண்டு, மேலே சிமெண்ட் பூச்சு. சூடு வெளியேற வழி கிடையாது. சாதாரண பிவிசி உறை தாங்கும் எல்லை 70 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டியே ஓடிக்கொண்டிருந்தால் உறை இறுகி, நாளடைவில் விரிசல் விடும்.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும் பொதுவான அளவுகள் இவை: விளக்கு, ஃபேனுக்கு 1.5, சாதாரண பிளக் பாயின்ட்டுக்கு 2.5, கீசர், ஏசி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 4. அதைவிடப் பெரிய அடுப்பு, ஓவன், நீளமான வயர் பாதை என்றால் 6.

எம்.சி.பி. இருக்கிறதே, பார்த்துக்கொள்ளாதா? அதற்குள் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, இரு உலோகங்களை ஒட்டிய பட்டை. கூடுதல் மின்சாரம் ஓடினால் அது மெல்லச் சூடாகி வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். மற்றொன்று கம்பிச் சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆனால் காந்தமாகி நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் இழுத்துவிடும். மேலே எழுதியிருக்கும் பி, சி என்ற எழுத்து இந்தக் காந்தத்துக்கானது. எம்.சி.பி.யில் போட்டிருக்கும் ஆம்பியரைப் போல பி வகை 3 முதல் 5 மடங்குக்குள் விழும், சி வகை 5 முதல் 10 மடங்குக்குள். கிளம்பும்போது மோட்டார் ஒரு கணம் பல மடங்கு இழுக்கும் என்பதால் தண்ணீர் பம்பு, பழைய வகை ஏசி போன்றவற்றுக்கு சி பொருந்தும்.

பலருக்குத் தெரியாதது அந்தப் பட்டையின் நிதானம். 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியரில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்கும், நிற்கவும் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டிய அளவு 23 ஆம்பியர். இப்போது, ‘அடிக்கடி விழுகிறது, 32 போட்டுவிடுங்கள்’ என்ற யோசனையைப் பாருங்கள். 32 ஆம்பியர் எம்.சி.பி. 46 ஆம்பியரைக்கூட ஒரு மணி நேரம் வரை பொறுத்துக்கொள்ளலாம். பைப்புக்குள் ஓடும் 2.5 வயரின் தாங்குதிறன் 20 ஆம்பியரை ஒட்டித்தான். இரண்டு மடங்குக்கு மேல் மின்னோட்டம், அதாவது நான்கு மடங்குக்கு மேல் வெப்பம். எம்.சி.பி. காப்பது வயரை, சாதனத்தை அல்ல. சாதனம் இழுக்கும் ஆம்பியரைவிட எம்.சி.பி. பெரிதாக இருக்க வேண்டும், எம்.சி.பி.யைவிட வயரின் தாங்குதிறன் பெரிதாக இருக்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. அடிக்கடி விழுகிறதென்றால் சுமையைப் பிரித்து இன்னொரு சர்க்யூட் இழுப்பதுதான் தீர்வு.

மனிதரைக் காப்பது வேறு கருவி: ஆர்.சி.சி.பி. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் அதற்குள் ஒரு காந்த வளையத்தின் நடுவே போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை வளையம் சும்மா இருக்கும். ஈரக் கை வழியாகவோ கீசர் தொட்டி வழியாகவோ கொஞ்சம் மின்சாரம் மண்ணுக்குப் போனால் கணக்கு இடிக்கும். அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும், ஐந்து மடங்கானால் 0.04 நொடிக்குள். 16 ஆம்பியரில் 30 மில்லி ஆம்பியர் என்பது ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு, எம்.சி.பி.யின் கண்ணில் அது படவே படாது. ஓவர்லோடுக்கு ஆர்.சி.சி.பி. விழாது என்பதால் இரண்டுமே வேண்டும், அல்லது இரு வேலையையும் செய்யும் ஆர்.சி.பி.ஓ. வேண்டும்.

வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. போடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை. கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் போன்றவற்றின் ஃபில்டர் வழியாக எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கும். எல்லாம் சேர்ந்து வரம்பை நெருங்கியபின் சின்னக் காரணத்துக்கெல்லாம் விழும். குளியலறை கீசர் ஹீட்டரில் ஈரம் புகுந்தால் சமையலறை ஃப்ரிட்ஜும் சேர்ந்து அணையும், ஊருக்குப் போயிருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜைத் தனி ஆர்.சி.பி.ஓ.வில் போடுங்கள். இன்வெர்ட்டர் மோட்டார் (வேகத்தை மாற்றி மாற்றி ஓடும் வகை) சாதனங்கள் இருக்கும் வீட்டில் ஏசி வகை வேண்டாம், குறைந்தது ஏ வகை வாங்குங்கள் (இங்கே ஏசி என்றால் குளிரூட்டி அல்ல, ஆர்.சி.சி.பி.யின் வகைப்பெயர்). ஒரு லைட் சுவிட்சைப் போட்டதும் விழுகிறதென்றால், அந்த லைட்டுக்கு வேறு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி சாதனங்கள். கீசரில் வாட் கூடினால் பில் கூடும் என்று நினைக்க வேண்டாம். 25 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு யூனிட் வேண்டும். 2000 வாட்டில் அரை மணி நேரம், 3000 வாட்டில் 20 நிமிடம், யூனிட் ஒன்றேதான். வாட் தீர்மானிப்பது காத்திருக்கும் நேரத்தையும் வயரையும். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடும் தண்ணீரை 21 டிகிரிதான் உயர்த்தும். ஷவருக்கு 6 லிட்டர் வேண்டுமென்றால் 9000 வாட், அதாவது 39 ஆம்பியர். அதைப் பவர் பாயின்ட்டில் செருகவே முடியாது, தடித்த வயரில் தனி இணைப்பு வேண்டும்.

ஏசியில் ‘டன்’ என்பது எடையல்ல. 2000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம், 3.5 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும். அதற்கு அது தின்னும் மின்சாரம் ஒன்றரை கிலோவாட் அளவுதான். வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால் இது முடிகிறது. தேவைக்கு மேல் பெரிய ஏசி வாங்கினால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. வேகம் மாறாத வகையில் அது அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், காற்றின் ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது. குளிர் இருந்தும் உடம்பு பிசுபிசுக்கும்.

ஃப்ரிட்ஜில் வாட்டைப் பார்க்காதீர்கள். கம்ப்ரெசர் விட்டு விட்டு ஓடும் என்பதால் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று லேபிளில் போட்டிருப்பதே உண்மையான எண்.

பணத்தை எதில் முதலில் போடுவது என்று கேட்டால் ஃபேனைச் சொல்வோம். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டை ஒட்டி. தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு ஆண்டில் 197 யூனிட் மிச்சம். வயரிங்கில் கை வைக்கவே தேவையில்லை.

சமையலறையில் ஆபத்து கூட்டத்தில் இருக்கிறது. மைக்ரோவேவ் மேல் 800 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குப் போய்ச் சேருவது. சுவரிலிருந்து இழுப்பது 1200, 1300 வரை போகும். அதோடு 1500 வாட் கெட்டில், 900 வாட் டோஸ்டர், மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் என்றால் 16 ஆம்பியர். அந்தப் பாக்ஸின் கேபிள் பெரும்பாலும் 1 சதுர மி.மீ. அல்லது அதற்கும் கீழே. மிச்ச நீளத்தைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தால் சுருளின் நடுவில்தான் முதலில் உருகும். சமையல் மேடைக்கு இரண்டு தனி சர்க்யூட், சுவரிலேயே ஐந்தாறு பாயின்ட் என்று பூச்சுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். பைப்புகள் போகும் பாதையை அன்றே போட்டோ எடுத்து வைத்தால் பிறகு ஆணி அடிக்கும்போது உதவும்.

குடிபோன முதல் வாரத்தில் ஒரு சோதனை. கீசரை 20 நிமிடம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, உடனே உலர்ந்த கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால், மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சாக்கெட்டை மாற்றும்போது வயரின் கறுத்த நுனியை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியும்வரை உரித்து இறுக்கச் சொல்லுங்கள். பிளக்கையும் கூடவே மாற்றுங்கள். கரி படிந்த பழைய பின் புது சாக்கெட்டின் இதழையும் சில மாதங்களில் கெடுத்துவிடும்.